முன்கள ஆட்டக்காரரைத் தேடி வரும் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

கழகத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வரும் பருவகாலத்துக்காக மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் றக்பி வீரர் தெரிவு முகாம்களை நடத்தி, பதினெட்டு வயதைத் தாண்டிய, உயரமும் எடையும் கொண்ட இளைஞர்களை, எதிரணியோடு முட்டித் தள்ளிப் பந்தை வென்றெடுக்கும் முன்கள ஆட்டக்காரர்களாக ஒப்பந்தம் செய்வதென்று நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள். உங்கள் கழகத்துக்கு முன்னர் ஆடியவன், உள்ளூரில் முகம் தெரிந்தவன் என்ற முறையில் அதற்கு நான் துணைநிற்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குக் கடிதமும் வந்தது. அந்தக் கடிதத்துக்கு என் பதில் இதுதான். இதே விடயங்களைப் பற்றி முன்னர் நான் தனிப்பட அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு வரிப் பதிலும் வராத காரணத்தாலும், இம்முறை இதன் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்பதாலும், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. மடல் யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது உங்கள் பெயரைக் கெடுப்பது அன்று, உங்கள் ஒப்பந்தம் மாறுவது.

சென்ற வாரம் திருக்கோவிலிலிருந்து ஒரு தகப்பனார் தம் மகனையும் கூட்டிக்கொண்டு கல்லடியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கரைவலைத் தொழில் செய்பவர். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். குண்டு போடுதலில் பாடசாலைக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தவன். உங்கள் ஒப்பந்தப் படிவத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். "தம்பி, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கிழமைக்குள்ள கையெழுத்து வெச்சு அனுப்பிடணுமாம்" என்றார் அந்தப் பெரியவர். படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வாசிக்க வாசிக்க, பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் கையெழுத்திட்ட அதே வாசகங்கள், தொகையும் திகதியும் மட்டும் மாறியபடி, ஒவ்வொன்றாக எதிரே வந்தன. வீரர் கழகத்தின் ஊழியர் அல்லர். போட்டியின்போது ஏற்பட்டு, அன்றே அணி முகாமையாளரால் பதிவுசெய்யப்பட்ட காயத்துக்கு மட்டுமே கழகம் வைத்தியச் செலவை ஏற்கும். தொடர்ச்சியாக ஆறு வாரம் விளையாட முடியாமல் போனால் ஒப்பந்தத்தை முடிவுறுத்தக் கழகத்துக்கு உரிமை உண்டு. இந்த மூன்றையும் நான் தமிழில் சொன்னபோது தகப்பனார் எதுவும் பேசவில்லை, மகன்தான், "பயிற்சியில காயம் பட்டா அண்ணன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியையே நான் உங்கள் முன் வைக்கிறேன். ஏனென்றால், முன்கள ஆட்டக்காரன் ஒருவனின் உடல் தேய்வது பெரும்பாலும் பயிற்சியில்தான்.

உங்களில் பலர் பின்களத்தில் ஆடியவர்கள் அல்லது ஆடாமலே நிர்வாகத்துக்கு வந்தவர்கள் என்பதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லப்போவது உங்களுக்கு ஏன் புதிதாக இருக்கக்கூடும் என்பதற்கு அதுவே விளக்கம். நான் ஆடியது மூன்றாம் இலக்கச் சட்டையில், டைட்ஹெட் புரொப் இடத்தில். ஸ்க்ரம் என்பது இரு அணிகளின் முன்கள ஆட்டக்காரர்களும், பக்கத்துக்கு எட்டுப் பேராக, தோளோடு தோள் பிணைந்து பந்துக்காக எதிரெதிரே தள்ளுவது. அதன் முதல் வரிசையில் நடுவே ஹுக்கரும் இரு பக்கமும் புரொப்புகளும் நிற்பார்கள். ஸ்க்ரம் பிணையும்போது முதலாம் இலக்கப் புரொப்பின் தலைக்கு ஒரு பக்கம் வெளியே இருக்கும். மூன்றாம் இலக்கத்தவனின் தலையோ எதிரணியின் புரொப்புக்கும் ஹுக்கருக்கும் நடுவே செருகியிருக்கும். அவனுடைய கழுத்தும் வலத் தோளும் இரண்டு பேரின் தள்ளுதலை முன்னாலிருந்து வாங்கும் அதே கணத்தில், அவனுடைய சொந்த அணியில் அவனுக்குப் பின்னே பிணைந்திருக்கும் லொக்கும் ஃபிளாங்கரும் பின்னாலிருந்து முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பார்கள். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், சில்லுக்குக் கட்டை போடுகிறவரை யாரும் பார்ப்பதில்லை, கை நசுங்கும் ஆபத்து மட்டும் அவருக்கே உரியது. புரொப்பின் நிலைமையும் அப்படித்தான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ட்றை வைத்துப் புள்ளி எடுப்பவரின் படம் பத்திரிகையில் வரும். அந்தப் பந்து நேராக வெளியே வருவதற்குத் தாங்கி நின்றவனின் காது மடங்கி, இரத்தம் கட்டி, இறுகிப் போயிருக்கும். என் இரண்டு காதுகளும் அப்படியே இருக்கின்றன. அதைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, பார்த்துப் பயப்படுகிற சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சம் சங்கடம்.

இந்த ஆபத்தை விளையாட்டின் சட்டங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வரிசையில் ஆடப் பயிற்சி பெற்ற மாற்று வீரர் இல்லாவிட்டால், வேறு எவரையும் அங்கே நிறுத்தித் தள்ளவிட நடுவர் அனுமதிக்க மாட்டார். தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான் நடக்கும். 23 பேர் கொண்ட அணியில் ஆறு பேராவது முதல் வரிசைக்குரியவர்களாக இருக்க வேண்டும் என்கிற விதி அதற்காகவே இருக்கிறது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரத்தை 1.5 மீற்றருக்கு மேல் தள்ளக் கூடாது. 2013 இல் ஸ்க்ரம் கட்டும் முறையையே மாற்றி, மோதுவதற்கு முன்னர் இரு பக்கப் புரொப்புகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளச் செய்ததும் மோதலின் வேகத்தைத் தணிப்பதற்காகத்தான். அதனால் மோதல் விசை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என்பதே அதன் பின்னாலிருந்த ஆய்வின் எதிர்பார்ப்பு. இப்படி உலகமே தனியாகக் கணக்கெடுத்துக் காப்பாற்ற முயலும் ஓர் இடத்துக்கு ஆள் எடுக்கும் உங்கள் ஒப்பந்தத்தில், அந்த இடத்துக்கென்று ஒரு வரியும் இல்லை. மைதானத்தின் ஓரமாக ஓடும் விங் ஆட்டக்காரருக்கும் புரொப்புக்கும் ஒரே படிவம்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். ஒரு போட்டியில் பத்துப் பதினைந்து ஸ்க்ரம் வந்தால் அதிகம். செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் அதைவிட அதிகமாகக் கட்டுவோம். முதலில் ஸ்க்ரம் இயந்திரத்தில், பிறகு இரண்டாம் அணியோடு நேருக்கு நேர், கடைசியில் பயிற்றுநர் திருப்தியடையும்வரை திரும்பத் திரும்ப. எனக்குக் காயம் பட்டது அப்படியொரு மாலையில். அன்று பகல் மழை பெய்து மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. எட்டுப் பேரும் தள்ளத் தொடங்கிய கணத்தில் எதிரே இருந்த இளம் புரொப்பின் கால் வழுக்கி ஸ்க்ரம் சரிந்தது. என் தலை மண்ணில் முட்டி நிற்க, பின்னாலிருந்த பாரம் நிற்கவில்லை. கழுத்தில் ஒரு வெட்டு, பிறகு வலக்கையின் நடு விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு எரிச்சல். புரொப்புகளுக்கு இந்த எரிச்சல் பழக்கப்பட்டது, ஒரு நிமிடத்தில் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது போகவில்லை. மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அறைத் தோழனிடம் போடச் சொன்னேன். கழுத்து முள்ளந்தண்டில் ஒரு டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேன் காட்டியது.

அதன் பிறகு நடந்ததை உங்கள் கோப்பிலேயே பார்க்கலாம். காயம் போட்டியின்போது ஏற்படவில்லை என்பதால் ஸ்கேனுக்கும் இயன்மருத்துவத்துக்கும் நான் செலவழித்த பணத்தைத் தர முடியாது என்று அறிவித்தீர்கள். ஆறு வாரம் முடிந்ததும் ஒப்பந்தத்தை முடித்துவைத்த கடிதம் வந்தது. கழகத்தின் விடுதி அறையை மாத முடிவுக்குள் காலிசெய்யும்படியும் அதில் எழுதியிருந்தது. கழுத்துப் பட்டையோடு இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தேன். எனக்குச் சிகிச்சை தந்தது அரச வைத்தியசாலையின் இலவச சேவை. அந்த வைத்தியர்களுக்கும் இயன்மருத்துவர்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். வலக்கையின் பலம் முழுதாகத் திரும்பவில்லை. நீங்கள் எழுதிய கடிதங்களில் ஒப்பந்தத்தை மீறிய ஒரு சொல்கூட இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனாலேயே, அந்த ஒப்பந்தம் இன்னொருவரின் கையில் இருப்பதைக் கண்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கழுத்தைப் போலவே தலையையும் பற்றிச் சொல்ல வேண்டும். நிலத்தில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் நின்று தள்ளும் ரக்கில் குனிந்து நிற்கும்போதும், பந்தோடு வருபவரை மடக்கும்போதும், முன்கள ஆட்டக்காரரின் தலை ஒவ்வொரு வாரமும் அடிபடுகிறது. தலையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வீரரை உடனே வெளியே எடுக்க வேண்டும், தலைக்காயப் பரிசோதனைக்கான வைத்திய ஏற்பாடு இல்லாத போட்டிகளில் அவரை அன்று மீண்டும் இறக்கக் கூடாது என்பது உலக றக்பி அமைப்பின் தெளிவான வழிகாட்டல். நான் ஆடிய காலத்தில், கண் இருண்டு தடுமாறிய லொக் ஒருவரின் தலையில் தண்ணீர் ஊற்றி, இன்று என்ன கிழமை என்று கேட்டு, அவர் சரியாகச் சொன்னதும் மீண்டும் உள்ளே அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேட்டவர் வைத்தியர் அல்லர். அந்த லொக், எல்லைக்கோட்டுக்கு வெளியே போன பந்தை மீண்டும் உள்ளே எறியும் அடுத்த லைன் அவுட்டில், எந்தக் குறியீட்டுக்குக் குதிப்பது என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் மிகைப்பட்ட பயம் என்று நினைப்பவர்கள் ஸ்டீவ் தொம்ப்சனின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 2003 இல் உலகக் கிண்ணம் வென்ற இங்கிலாந்து அணியின் ஹுக்கர் அவர். 2007 இல் கழுத்துக் காயத்தால் ஓய்வை அறிவித்தார், அதற்குரிய காப்புறுதிப் பணமும் அவருக்குக் கிடைத்தது. குணமடைந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் ஆட வந்தார். 2020 டிசம்பரில், தமக்கு நாற்பது வயதுகளிலேயே மறதிநோய் உறுதியாகியிருப்பதாகவும், அந்த உலகக் கிண்ணத்தை வென்றதே நினைவில் இல்லை என்றும் பகிரங்கமாகச் சொன்னார். நியூசிலாந்துக்காக 45 டெஸ்ட் ஆடிய டைட்ஹெட் புரொப் கார்ல் ஹேமன் 2021 இல் தமது 41 ஆவது வயதில் அதே நோயை அறிவித்தார். அவர்களைப் போன்ற முன்னாள் வீரர்கள் பலர் சேர்ந்து, தங்களைக் காக்கத் தவறினார்கள் என்று விளையாட்டின் நிர்வாக அமைப்புகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். இவர்கள் உலகத்திலேயே நல்ல சம்பளமும் நல்ல வைத்திய வசதியும் பெற்ற முன்கள ஆட்டக்காரர்கள். வாகரையிலும் பொத்துவிலிலும் இருந்து வரும் பையனிடம் அந்தச் சம்பளமும் இருக்காது, அந்த வசதியும் இருக்காது. தலைமட்டும் அதே தலைதான்.

எதிர்ப்பக்கத்தில் ஜேசன் லெனர்டையும் சொல்வேன், ஏனெனில் முதல் வரிசையில் ஆடுவது தன்னளவில் தண்டனை என்று நான் வாதாடவில்லை. தச்சுத் தொழிலாளியாக இருந்துகொண்டே இங்கிலாந்துக்கு ஆடத் தொடங்கிய புரொப் அவர். 1992 இல் அவரது கழுத்து டிஸ்க் ஒன்று சிதைந்தது. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் பொருத்தினார்கள். 1995 ஓகஸ்ட் 26 அன்று றக்பி யூனியன் தொழில்முறை விளையாட்டாக அறிவிக்கப்பட்டபோது அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார், 2004 வரை ஆடினார், இங்கிலாந்துக்காக மட்டும் 114 போட்டிகள். புரொப்புகள் தாமதமாகவே முதிர்வார்கள். இருபதின் இறுதியிலும் முப்பதின் தொடக்கத்திலும்தான் அவர்களுடைய நல்ல காலம். உரிய நேரத்தில் உரிய சிகிச்சை கிடைத்தால் கழுத்துக் காயத்துக்குப் பின்னும் ஒரு முழு விளையாட்டு வாழ்க்கை இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சி. நீங்களோ ஆறு வாரத்தில் கணக்கை முடித்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, விளையாடி முடித்த பிறகு என்ன என்ற கேள்வி. இந்த நாட்டில் றக்பி 1879 இல் கொழும்பில் வேரூன்றி, 1908 இல் தனக்கென ஒன்றியம் அமைத்து, கொழும்பிலும் கண்டியிலும் உள்ள பெரிய பாடசாலைகளின் தோளில் வளர்ந்தது. 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதிக்கொள்ளும் றோயல், திரித்துவக் கல்லூரிகள் போன்றவற்றில் படித்து வந்த ஒரு புரொப்புக்குக் கழக ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய மாணவர் வட்டம் இருக்கிறது. வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ ஒரு கதிரை பெரும்பாலும் காத்திருக்கும். பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் ஆடுபவருக்குப் பதவியும் ஓய்வூதியமும் உண்டு. கூடைப்பந்தை இயேசு சபைத் துறவியான அருட்தந்தை வெபர் வளர்த்துவிட்டுப் போன, கால்பந்தும் கிரிக்கெட்டும் பேசுகிற எங்கள் ஊரிலிருந்து வருகிறவனுக்கு இந்த இரண்டும் இல்லை. அவன் திரும்பி வந்து இறங்கும்போது கையில் இருப்பது பயிற்சிப் பையும் ஒரு காயமும்தான். ஊழியர் அல்லர் என்று எழுதிவிட்டதால், முதலாளி 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதியும் அவனுக்கு இல்லை, 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியும் இல்லை. காலை ஐந்தரைக்கு உடற்பயிற்சி நிலையத்தில் கைரேகை பதிய வேண்டும், விடுப்புக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வேறு வேலை செய்யக் கூடாது, பிந்தினால் கொடுப்பனவில் வெட்டு. இவ்வளவையும் விதித்தபின் அவர் ஊழியர் அல்லர் என்று எந்தத் தொழில் ஆணையாளர் முன்னிலையில் நீங்கள் வாதாடப் போகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தில், கரைவலை இழுத்தும் வயல் வேலை செய்தும் உரமேறிய கிழக்கின் இளைஞர்கள் முன்களத்துக்கு மிகப் பொருத்தமானவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அந்த உரம் அவர்களின் குடும்பத்துக்கு ஒரே மூலதனமும்கூட. கழுத்து போனவன் வலை இழுக்க முடியாது, நெல் மூட்டை தூக்க முடியாது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலைசெய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு இதே காயம் ஏற்படுத்தும் இழப்பைவிட எங்களுக்கு ஏற்படும் இழப்புப் பெரியது என்பதை ஒப்பந்தம் எழுதும் உங்கள் சட்டத்தரணி கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. பயிற்சியிலும் உடற்பயிற்சி நிலையத்திலும் அணிப் பயணத்திலும் ஏற்படும் காயங்களைப் போட்டிக் காயங்களுக்குச் சமமாக ஏற்கும்படி ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். கழுத்து, முள்ளந்தண்டு, தலைக் காயங்களுக்கான சிகிச்சைச் செலவு ஒப்பந்த காலம் முடிந்த பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர வேண்டும், நிரந்தர இயலாமைக்கு வீரரின் பெயரிலேயே காப்புறுதி எடுக்கப்பட வேண்டும். ஆறு வார முடிவுறுத்தல் வாசகத்தை நீக்குங்கள். வீரர்களை ஊழியர்களாகப் பதிவுசெய்து சேமலாப நிதியையும் நம்பிக்கை நிதியையும் முதல் மாதத்திலிருந்தே செலுத்துங்கள். தலையதிர்ச்சிக்கு உள்ளானவர் எப்போது திரும்பலாம் என்பதை முகாமையாளரோ பயிற்றுநரோ தீர்மானிக்காமல், கழகத்திடம் சம்பளம் வாங்காத ஒரு வைத்தியர் எழுத்தில் தீர்மானிக்கட்டும். பாடசாலையில் முதல் வரிசையில் ஆடி அனுபவம் இல்லாத எந்த இளைஞனையும், ஒரு முழுப் பருவகாலப் பயிற்சிக்கு முன்னர் வளர்ந்தவர்களின் ஸ்க்ரத்தில் மூன்றாம் இலக்கத்திலோ முதலாம் இலக்கத்திலோ நிறுத்தாதீர்கள். குண்டு போடுதலில் பதக்கம் வாங்கியது கழுத்துக்குப் பயிற்சி ஆகாது.

ஒப்பந்தத்தைத் தமிழிலும் தாருங்கள். இரண்டு மொழிப் பிரதிகளும் சமமான வலுவுடையவை என்று அதிலேயே எழுதுங்கள். கையெழுத்திட இந்தக் கிழமைக்குள் என்று நெருக்காமல், பெற்றோர் ஒரு சட்டத்தரணியிடமோ தொழில் திணைக்களத்திலோ காட்டிக் கேட்பதற்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

பயிற்சியில் காயமடைந்து, என்னைப் போலவே செலவு மறுக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் இன்னும் சிலர் வெவ்வேறு மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களின் பற்றுச்சீட்டுகளும் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்து, கொடுப்பதா மறுப்பதா என்பதைக் காரணத்தோடு எழுத்தில் அறிவியுங்கள். என்னுடையதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

இவை நடக்கும்வரை மட்டக்களப்பு, அம்பாறை தெரிவு முகாம்களை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே படிவம் கொடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அது மீளப்பெறப்பட்டதாகக் கடிதம் அனுப்புங்கள். திருக்கோவிலில் ஒரு வீட்டுக்கு அதன் தமிழ்ப் பிரதி உடனடியாக வேண்டும். திருத்திய ஒப்பந்தத்தை நீங்கள் வெளியிட்டால், முகாம் நடக்கும் மைதானத்தில் உங்களோடு நின்று, பையன்களுக்கு ஸ்க்ரம் பிணையும் முறையைப் பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்க நான் கொடுப்பனவு எதுவும் இன்றி வருகிறேன். அதுவரை உங்கள் துண்டுப்பிரசுரத்தில் என் பெயரையும் படத்தையும் பயன்படுத்த நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசித்து, எடுத்த தீர்மானத்தைக் கூட்ட அறிக்கையில் சேர்த்து, அதன் பிரதியை எனக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கழகத்தின் முன்னாள் டைட்ஹெட் புரொப்,
கல்லடி, மட்டக்களப்பு.